குழிக்குள் நின்றவர்கள்: மரம் அறுத்த கைகளின் வரலாறு



நினைவுச் சொற்பொழிவுகளில் தலைவர்களைப் பற்றிப் பேசுகிறோம், போராட்டங்களைப் பற்றிப் பேசுகிறோம். இந்த ஆண்டு ஒரு வேலையைப் பற்றிப் பேசலாம் என்று எடுத்துக்கொண்டோம். சாய்ந்த மரத்தைப் பலகையாக அறுக்கும் வேலை அது. கோயில் கட்டிய மன்னனுக்குக் கல்வெட்டு இருக்கிறது. கதவில் பூ செதுக்கிய தச்சரைப் பற்றி நூல்கள் உண்டு. தச்சரின் உளி படுவதற்கு முன்னால், வைரம் பாய்ந்த அடிமரத்தைப் பலகையாக அறுத்துக் கொடுத்தவர் யார் என்று கேட்டால், புரட்டிக் காட்ட நம்மிடம் பக்கங்கள் குறைவு.

அந்தக் குறைவான பக்கங்களைத் தேடி நாம் சற்று நீண்ட பயணம் போக வேண்டியிருக்கிறது. இன்றைய அமெரிக்காவின் ஒரு வீட்டு முற்றத்தில் தொடங்குகிறோம். அங்கிருந்து 18ஆம் நூற்றாண்டின் ஓர் அடிமைப் பண்ணைக்கும், 20ஆம் நூற்றாண்டின் ஒரு மர மில்லுக்கும் போகிறோம். பிறகு அந்த அடிமைகள் கப்பலேற்றப்பட்ட ஆப்பிரிக்கக் கரைக்கும், அடிமைத்தனத்திலிருந்து தப்பியவர்கள் குடியேறிய ஒரு காட்டுக்கும் போய்விட்டு நம் ஊருக்குத் திரும்புகிறோம். வழி நெடுக நாம் கேட்கப்போவது ஒரே கேள்விதான். உழைப்பவர் கைக்கு நல்ல கருவி வந்துவிட்டால் அவர் விடுதலை பெற்றுவிடுகிறாரா?

முற்றத்தில் ஒரு மில்

வட அமெரிக்காவில் வீட்டு முற்றத்திலேயே மரம் அறுப்பவர்கள் ஏராளம். புயலில் ஓர் ஓக் மரமோ கருப்பு வால்நட் மரமோ சாய்கிறது. அதை விறகாக வெட்டிப் போட வீட்டுக்காரருக்கு மனமில்லை. கையில் செயின்சா இருக்கிறது. அதன் நீண்ட தகட்டோடு ஒரு சட்டகத்தை இறுக்கிப் பூட்டுகிறார். 'அலாஸ்கன் மில்' என்று அதற்குப் பெயர். கிரான்பெர்க் என்ற கம்பெனி அதைப் பரவலாக்கியது. உருண்டை மரத்தின் முதுகில் மட்டம் கிடையாது. அதனால் ஒரு நேரான பலகையையோ ஏணியையோ மேலே பொருத்தி, சட்டகத்தை அதன்மேல் நகர்த்தி முதல் அறுப்பை முடிக்கிறார். பட்டையோடு கூடிய முதல் துண்டு கழன்றதும் தட்டையான முகம் கிடைத்துவிடுகிறது. அடுத்து வரும் பலகைகளுக்கு அந்த முகமே மட்டம்.

சொல்வதற்கு எளிது; செய்வது கடினம். மரத்தைக் குறுக்கே வெட்டுவது வேறு, இழை நெடுக அறுப்பது வேறு. நெடுக அறுக்கும்போது எஞ்சின் முழு வேகத்தில் பல நிமிடங்கள் தொடர்ந்து உழைக்க வேண்டும். கடின மரத்தில் 70 சி.சி. எஞ்சின்கூடத் திணறும். குறுக்கு வெட்டுக்குச் சங்கிலியின் பல்லை ஏறக்குறைய 30 டிகிரி கோணத்தில் தீட்டுவார்கள். நெடுக்கு அறுப்புக்கு அதை 10 டிகிரி அளவுக்குக் குறைத்துத் தீட்ட வேண்டும். சங்கிலி போகும் தடத்தின் அகலம் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஓர் அங்குலப் பலகைகளாக அறுத்தால் மரத்தில் கால் பங்குக்கு மேல் தூளாகப் போய்விடும். அறுத்த பலகையின் இரு முனைகளிலும் பெயின்ட் பூசி, இடையிடையே குச்சி கொடுத்து, காற்றோட்டமான நிழலில் அடுக்க வேண்டும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஓர் ஆண்டு என்பது கடின மரம் காய்வதற்கு அவர்கள் வைத்திருக்கும் பொதுக் கணக்கு.

இவ்வளவு பாடுபட்டுப் பலகை எடுக்கும் அந்த மனிதரை அக்கம்பக்கத்தார் பாராட்டுகிறார்கள். கைத்திறன் என்கிறார்கள், சிக்கனம் என்கிறார்கள். யாரும் அவரைத் திருடன் என்று சொல்வதில்லை. நிலம் அவர் பெயரில் இருக்கிறது. மரம் அந்த நிலத்தில் நின்றது. பலகையை மேசையாக்கி விற்கவும் தடையில்லை. உரிமை அவரிடம் முன்பே இருந்தது. செயின்சா வேலையைச் சுலபமாக்கியது, அவ்வளவுதான். இதை நினைவில் வைத்துக்கொள்வோம். இதே கருவி வேறொரு மண்ணில் வேறொருவர் கையில் என்னவாகிறது என்று பிறகு பார்க்கப் போகிறோம்.

மேலே ஒருவர், கீழே ஒருவர்

இயந்திரம் வருவதற்கு முன்னால் பலகை அறுக்க ஐரோப்பியர் குழி தோண்டினார்கள். ஓர் ஆள் நிற்கும் ஆழத்துக்குக் குழி. அதன்மேல் மரத்தை உருட்டி வைத்து, கரியோ சுண்ணாம்போ தோய்த்த நூலை இழுத்து அடித்துக் கோடு போடுவார்கள். ரம்பம் ஆறேழு அடி நீளம் இருக்கும். ஒருவர் மரத்தின்மேல் ஏறி நிற்பார், இன்னொருவர் குழிக்குள் இறங்கி நிற்பார்.

ரம்பத்தின் பல் கீழ்நோக்கி இழுக்கும்போதுதான் மரத்தை வெட்டும். ஆக, வெட்டும் இழுப்பில் குழிக்குள் நிற்பவரின் பங்கு பெரிது. மேலே நிற்பவர் ரம்பத்தைத் தூக்குகிறார். கோடு தவறாமல் பார்த்துக்கொள்கிறார். தூள் முழுக்கக் கீழே நிற்பவரின் கண்ணிலும் மூக்கிலும் விழுகிறது. மழைக்காலத்தில் குழியில் தண்ணீர் ஊறும். பல் தீட்டுவதும் வேலையை ஒப்புக்கொள்வதும் மேலே நிற்பவரின் பொறுப்பு. கூலியிலும் அவருக்கே கூடுதல் பங்கு. 'டாப் சாயர்' என்று அவரைச் சொன்னார்கள். பின்னாளில் ஆங்கிலத்தில் அந்தச் சொல்லே 'பெரிய ஆள்' என்ற பொருளில் வழங்கலாயிற்று. குழிக்குள் நின்றவரின் பெயருக்கு அந்த வாழ்வு வாய்க்கவில்லை.

சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்பவர்களையே மேல் கீழாகப் பிரித்து அடுக்குவது என்று 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் அண்ணல் அம்பேத்கர் விளக்கினார். அதைப் படித்தவர்களுக்கு இந்தக் குழி உடனே பிடிபடும். ஆனாலும் ஒரு வேறுபாட்டை மறைக்கக் கூடாது. இங்கிலாந்தின் குழிக்குள் நின்றவர் தொழில் பழகி ஒருநாள் மேலே ஏறலாம். அவரைப் பிறப்பு அங்கே கட்டிப்போடவில்லை. பிறப்பின் பெயரால் ஒருவரை ரம்பத்தோடு கட்டிப்போட்ட இடத்தைப் பார்க்க அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து வர்ஜீனியாவுக்குப் போக வேண்டும்.

குழிக்கு வெளியே மூன்றாவது ஆள்

1760 பிப்ரவரி 5. மவுண்ட் வெர்னன் பண்ணை. உரிமையாளருக்கு அப்போது 27 வயது. பிற்காலத்தில் அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவரான ஜார்ஜ் வாஷிங்டன்தான் அவர். அன்றைய நாட்குறிப்பில் தன் அடிமைத் தச்சர்கள் நால்வரைப் பற்றி எழுதுகிறார். ஜார்ஜ், டாம், மைக், சின்ன பில்லி. முந்தைய நாள் அவர்கள் 120 அடி மரம்தான் செதுக்கியிருந்தார்கள். அது குறைவு என்று அவருக்குப் பட்டது. எனவே அவர்கள் வேலை செய்யும் இடத்துக்கே போய் உட்கார்ந்து கவனித்தார்.

டாமும் மைக்கும் ஒரு பாப்லர் மரத்தைச் சுற்றிய புதரை வெட்டி, கோடு போட்டு, கோடரியால் இரு பக்கமும் செதுக்கினார்கள். அரைமணி நேரத்துக்குள் அது முடிந்தது. ஜார்ஜும் பில்லியும் பலகை அறுத்தார்கள். உட்கார்ந்து பார்த்தவர் கணக்குப் போட்டார். சூரியன் உதித்து மறையும்வரை வேலை, சாப்பாட்டுக்கு இவ்வளவு நேரம், அப்படியானால் செதுக்கும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 125 அடி வர வேண்டும். பகல் நீள நீள அளவும் கூட வேண்டும். இது பாப்லர் மரத்துக்கான கணக்கு, மற்ற மரங்களுக்கு இனிமேல் பார்க்க வேண்டும் என்றும் குறித்து வைத்தார்.

அந்த நால்வரின் திறமைக்கு இந்தக் குறிப்பே சாட்சி. அரைமணி நேரத்துக்குள் ஒரு மரத்தின் இரு பக்கமும் செதுக்குகிற கை சாதாரணக் கை அல்ல. ஆனால் அந்தத் திறமை அவர்களுக்கு எதையும் சம்பாதித்துத் தரவில்லை. நன்றாகச் செய்து காட்டியதன் பலன், நாளைய வேலையின் அளவு ஏறியதுதான். இங்கே ரம்பத்தின் மேல்முனையைப் பிடித்தவரும் அடிமை, கீழ்முனையைப் பிடித்தவரும் அடிமை. ரம்பத்தைத் தொடாமல் உட்கார்ந்து எண்ணிய மூன்றாவது ஆளிடம்தான் மரமும் நிலமும் பலகையும் இருந்தன. அறுப்பவர்களின் உடலும் அவருக்கே சொந்தமாக இருந்தது. மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் இடையே உள்ள தூரத்தை மட்டும் அளந்துகொண்டிருந்தால் இந்த மூன்றாவது ஆள் நம் கண்ணிலிருந்து தப்பிவிடுவார்.

மில் வந்தது, நிலம் வரவில்லை

1865இல் அமெரிக்காவில் அடிமை முறை சட்டப்படி முடிந்தது. அந்த ஆண்டு ஜனவரியில் தளபதி ஷெர்மன் ஓர் ஆணை பிறப்பித்தார். தென்கிழக்குக் கடலோரத்தில் விடுதலை பெற்ற குடும்பங்களுக்கு 40 ஏக்கர் வரை நிலம் என்றது அது. அதே ஆண்டிலேயே குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் அந்த நிலங்களைப் பழைய உடைமையாளர்களிடம் திரும்பச் சேர்த்தார். விடுதலை கிடைத்தது, நிலம் கிடைக்கவில்லை. நிலமற்றவர்களுக்குக் கூலி வேலை காத்திருந்தது. சின்னக் குற்றங்களுக்குச் சிறைப்பட்ட கறுப்பின மக்களை மரம் வெட்டும் முகாம்களுக்கும் சுரங்கங்களுக்கும் வாடகைக்கு விடும் முறையும் தெற்கு மாநிலங்களில் வேரூன்றியது.

நீராவியில் ஓடும் பெரிய மில்கள் வந்தபோது குழி மறைந்தது. ஆனால் மேல் கீழ் வரிசை மறையவில்லை. லூசியானா மாநிலத்தின் பொகலூசா நகரம் கிரேட் சதர்ன் லம்பர் கம்பெனி தனக்காகக் கட்டிய நகரம். உலகிலேயே பெரிய மர மில் என்று சொல்லப்பட்ட மில் அங்கே 1908இல் ஓடத் தொடங்கியது. அறுத்தது பைன் மரம். கடின மரம் அல்ல. தொழிலாளர்களுக்கு அந்த வேறுபாட்டால் ஒன்றும் ஆகிவிடவில்லை. கடினமான, கூலி குறைந்த வேலைகள் கறுப்பின மக்களுக்கு ஒதுக்கப்பட்டன. வெள்ளையினத் தொழிலாளி தன்னைவிடக் கீழே ஒருவர் இருக்கிறார் என்ற ஆறுதலோடு குறைந்த கூலியை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு.

அந்த ஏற்பாடு சில இடங்களில் உடைந்தது. 1912இல் லூசியானாவின் அலெக்ஸாண்ட்ரியாவில் மரத் தொழிலாளர் சகோதரத்துவ அமைப்பு மாநாடு கூட்டியது. இரு இனத்தாரும் ஒன்றாக அமரக் கூடாது என்ற வழக்கத்தை மீறி, கறுப்பினத் தொழிலாளரும் வெள்ளையினத் தொழிலாளரும் ஒரே அரங்கில் உட்கார்ந்தார்கள். 1919 நவம்பரில் பொகலூசாவில் கறுப்பின மரத் தொழிலாளர்களின் சங்கத் தலைவர் சால் டேக்கஸைப் பிடிக்கக் கம்பெனியின் ஆதரவாளர்கள் ஆயுதங்களோடு வந்தார்கள். அவருக்குக் காவலாக நின்ற வெள்ளையினச் சங்கத்தினர் நான்கு பேர் கொல்லப்பட்டார்கள். டேக்கஸ் தப்பினார். மேல்முனையில் நின்றவர்கள் கீழ்முனையில் நின்றவருக்காக உயிர் கொடுத்த அந்த நாளைத் தொழிலாளர் வரலாறு பொன்னெழுத்தில் எழுதியிருக்க வேண்டும். ஓரத்தில்தான் எழுதி வைத்திருக்கிறது. அதே பொகலூசாவில்தான் 1965இல் 'தற்காப்புக்கான டீக்கன்கள்' என்ற அமைப்பின் கிளை, கறுப்பின மக்களைப் பாதுகாக்க ஆயுதம் ஏந்திக் காவல் நின்றது.

இன்னொரு பக்கம், வியர்வை சிந்திச் சேர்த்த காசில் கறுப்பின விவசாயிகள் நிலம் வாங்கினார்கள். 1910 வாக்கில் அவர்கள் கையில் ஏறக்குறைய ஒன்றரைக் கோடி ஏக்கர் இருந்தது. அடுத்து வந்த பத்தாண்டுகளில் அதில் பெரும்பகுதி கைநழுவியது. உயில் எழுதாமல் இறந்தவர்களின் நிலம் வாரிசுகள் அனைவருக்கும் பொதுவாகியது. எங்கோ இருந்த ஒரு வாரிசின் பங்கை விலைக்கு வாங்கிய வெளியாள் நீதிமன்றம் போய் மொத்த நிலத்தையும் ஏலத்துக்குக் கொண்டுவர முடிந்தது. தெளிவான பத்திரம் இல்லாததால் தன் நிலத்தில் நிற்கும் மரத்தை விற்பதும் கடன் பெறுவதும்கூடப் பலருக்குச் சிக்கலாயின. முற்றத்தில் செயின்சா வைத்து ஓக் மரம் அறுப்பவரை முதலில் பார்த்தோம் அல்லவா? அந்த முற்றம் யாருக்கு வாய்த்தது, யாருக்கு வாய்க்கவில்லை என்பதற்குப் பின்னால் இத்தனை கதை இருக்கிறது.

இந்தக் கதை நமக்கு அந்நியமல்ல. மகாத்மா ஜோதிராவ் பூலே 1873இல் எழுதிய 'குலாம்கிரி'யை, அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குத்தான் காணிக்கையாக்கினார். 1946இல் அண்ணல் அம்பேத்கர் டபிள்யூ.ஈ.பி. டு போய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் மும்பையில் தலித் இளைஞர்கள் தம் அமைப்புக்குப் பெயர் தேடியபோது கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

ஒரே கருவி, வேறு பெயர்

இனி, கப்பலேற்றப்பட்டவர்கள் விட்டுச்சென்ற கரைக்குப் போவோம். இன்றைய கானாவை அன்று பொற்கரை என்றார்கள். எல்மினா, கேப் கோஸ்ட் கோட்டைகளின் நிலவறைகளிலிருந்துதான் எண்ணற்றோர் அமெரிக்கக் கண்டத்துக்கு அனுப்பப்பட்டார்கள். அதே கேப் கோஸ்ட்டில் 1897இல் மண்ணின் மக்கள் உரிமைப் பாதுகாப்புச் சங்கம் தோன்றியது. நிலத்தின் மீது ஆங்கிலேய அரசுக்கு அதிகாரம் கொடுக்கும் மசோதாவை எதிர்த்து 1898இல் அவர்கள் லண்டனுக்கே தூது போனார்கள். மசோதா கைவிடப்பட்டது. ஆப்பிரிக்க மக்கள் வாதாடி வென்ற பெரும் வெற்றிகளில் அது ஒன்று.

நிலம் தப்பியது, மரம் தப்பவில்லை. 1903இல் செகொண்டியிலிருந்து குமாசிக்கு ரயில் போயிற்று. 1928இல் டக்கோராடி துறைமுகம் திறந்தது. ஒடும், மகாகனி போன்ற கடின மரங்கள் காட்டிலிருந்து ஐரோப்பாவுக்கு நேராகப் போகத் தொடங்கின. 1957இல் நாடு விடுதலை பெற்றது. 1962இல் வந்த சட்டம், தானாக வளர்ந்த மரங்கள் அனைத்தையும், மரபுத் தலைமைகளின் சார்பில் என்று சொல்லி, குடியரசுத் தலைவரின் பொறுப்பில் வைத்தது. வெட்டும் உரிமை அரசின் அனுமதி பெற்ற கம்பெனிகளுக்குப் போனது. மரத்தால் வரும் வருவாய் எப்படிப் பங்கிடப்படும் என்று 1992 அரசியல் சட்டம் சொல்கிறது. நிர்வாகச் செலவுக்கு 10 விழுக்காடு போக, மீதியில் 25 பங்கு மரபுத் தலைமையின் அரியணைக்கு, 20 பங்கு மரபு அதிகார அமைப்புக்கு, 55 பங்கு மாவட்ட மன்றத்துக்கு. தன் கோகோ தோட்டத்தில் அந்த மரத்தை நிழலுக்காக விட்டு வைத்து, பல ஆண்டு காத்து வளர்த்த விவசாயிக்குப் பங்கு எதுவும் குறிக்கப்படவில்லை. கம்பெனி வந்து மரத்தைச் சாய்க்கும்போது அடியில் நசுங்கும் கோகோச் செடிகள் மட்டும் அவருடையவை. தானே நட்ட மரத்துக்கு உரிமை என்பதே 2002 சட்டத் திருத்தத்தில்தான் தெளிவாகக் கிடைத்தது. வேறு மாவட்டத்திலிருந்து வந்து பாதி வாரத்துக்கும் மூன்றில் ஒரு பங்கு வாரத்துக்கும் பயிர் செய்யும் குடியானவரின் நிலை இன்னும் கீழே.

இந்த நிலத்துக்குத்தான் செயின்சா வந்தது. சாமில்கள் நல்ல பலகையை வெளிநாட்டுக்கு ஏற்றின. உள்ளூரில் வீடு கட்டவும் பள்ளிக்குப் பெஞ்சு செய்யவும் சவப்பெட்டி அடிக்கவும் பலகை வேண்டியிருந்தது. விவசாயி செயின்சாக்காரரைக் கூப்பிட்டார். பெரும்பாலும் சட்டகம்கூடக் கிடையாது. நூலடித்த கோட்டைக் கண்ணால் பார்த்து, வெறும் கையால் பிடித்தே நெடுக அறுத்தார்கள். அறுத்த பலகையை இளைஞர்கள் தலைச்சுமையாக ரோட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கம்பெனி தராத காசைச் செயின்சாக்காரர் விவசாயிக்குக் கையில் கொடுத்தார்.

1997இல் புதிய மரவளச் சட்டம் வந்தது. 1998இல் வந்த அதன் விதிகள், விற்பதற்காகச் செயின்சாவால் பலகை அறுப்பதையே குற்றம் என்றன. காட்டைக் காப்பது காரணமாகச் சொல்லப்பட்டது. காடு அழிந்தது பொய்யல்ல. வெறும் கையால் அறுக்கும்போது மரத்தில் பெரும்பகுதி வீணாவதும் உண்மை. ஆனால் தடையால் நடந்தது என்ன? 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வின் கணக்குப்படி, தடைக்குப் பத்தாண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னும் கானாவின் உள்நாட்டுச் சந்தைக்கு வந்த பலகையில் 84 விழுக்காடு செயின்சாவால் அறுக்கப்பட்டது. ஏறக்குறைய 97,000 பேர் அதை நம்பி வாழ்ந்தார்கள். பலகை லாரிகள் இரவில் ஓடின. வழிச் சோதனைகளில் கைமாறிய காசு, முன்பு யார் கையிலும் இல்லாத ஒரு புதிய வருமானமாக வளர்ந்தது.

அதே எஞ்சின், அதே சங்கிலி, அதே நெடுக்கு அறுப்பு. அமெரிக்க முற்றத்தில் அதற்குப் பெயர் கைத்திறன். கானாவின் கோகோ தோட்டத்தில் அதற்குப் பெயர் குற்றம். செயின்சா குழியை மூடிவிட்டது. தூள் கண்ணில் விழ யாரும் கீழே நிற்க வேண்டியதில்லை. ஆனால் வர்ஜீனியாவில் உட்கார்ந்து எண்ணிய அந்த மூன்றாவது ஆள் இங்கேயும் இருக்கிறார். இப்போது அவர் அனுமதிப் பத்திரமாகவும் சட்டப் பிரிவாகவும் வருகிறார். நம் மொழியில் மரத்திலிருந்து அறுப்பதும் சட்டம், அரசு போடுவதும் சட்டம். முதலாவதை அறுக்கத் தெரிந்தவர்களுக்கு இரண்டாவதை எழுதும் இடத்தில் இடமில்லாமல் போனதுதான் கானாவில் நடந்தது.

அங்கே பேச்சும் நடந்தது என்பதைச் சொல்ல வேண்டும். செயின்சாக்காரர்கள் குழுவாகச் சேர்ந்து உரிமம் பெற்று, வீணடிப்பு குறைந்த சிறு அறுவை இயந்திரங்களால் உள்நாட்டுச் சந்தைக்குப் பலகை தரட்டும் என்ற மாற்றுத் திட்டம் முன்வைக்கப்பட்டது. செயின்சாக்காரர்களையும் விவசாயிகளையும் அதிகாரிகளோடு ஒரே மேசையில் உட்கார வைத்தபோதுதான் அந்தத் திட்டமே உருவானது.

தப்பியவர்களின் காடு

மரம் அறுத்த கைகள் மரத்தின் மேல் உரிமையை நிலைநாட்டிய இடம் உண்டா? உண்டு. தென் அமெரிக்காவின் சுரினாமில் டச்சுக்காரர்களின் தோட்டங்களிலிருந்து தப்பி ஓடிய ஆப்பிரிக்க அடிமைகள் காட்டுக்குள் தங்கள் சமூகங்களை அமைத்தார்கள். அவர்களில் ஒரு பிரிவினர் சரமாக்கா மக்கள். பல பத்தாண்டு போருக்குப் பிறகு 1762இல் டச்சுக்காரர்கள் அவர்களோடு சமாதான உடன்படிக்கை செய்துகொண்டார்கள். அமெரிக்காவில் அடிமை முறை ஒழிவதற்கு நூறாண்டுகளுக்கும் முன்பே தங்கள் விடுதலையைத் தாங்களே எழுதி வாங்கியவர்கள் அவர்கள்.

1990களில் சுரினாம் அரசு அவர்களின் காட்டில் மரம் வெட்ட வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு அனுமதி கொடுத்தது. சரமாக்கா மக்கள் ஊர் ஊராகக் கூடினார்கள். தங்கள் நிலத்தின் எல்லைகளை வரைபடமாக்கினார்கள். 2000ஆம் ஆண்டில் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை ஆணையத்துக்குப் போனார்கள். 2007 நவம்பர் 28 அன்று அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிலத்தின் மீது அவர்களுக்குக் கூட்டு உரிமை உண்டு. அரசு அதை அளந்து பட்டயமாகத் தர வேண்டும். பெரிய திட்டங்களுக்கு அவர்களின் சம்மதத்தை முன்கூட்டியே பெற வேண்டும். தீர்ப்பை நிறைவேற்றுவதில் அரசு காட்டிய தயக்கம் தனிக்கதை. ஆனாலும் பொகலூசாவில் துப்பாக்கிக்கு முன் நின்றவர்களும் கேப் கோஸ்ட்டிலிருந்து லண்டனுக்குப் போனவர்களும் தொடங்கிய வழக்கில் இது ஒரு முக்கியமான தீர்ப்பு.

நம் மண்ணில்

இப்போது நம் ஊருக்கு வருவோம். 1882இல் சென்னை வனச் சட்டம் காடுகளைக் காப்புக்காடு என்று வரையறுத்தது. நேற்றுவரை காட்டில் புழங்கியவர் மறுநாள் அத்துமீறியவர் ஆனார். 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீர் பறையர் மக்களின் நிலையைப் பற்றி அறிக்கை கொடுத்தார். 1892 ஆணைப்படி ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் 12 லட்சம் ஏக்கர் என்கிறோம். பிறருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனை இருந்தும் அதில் பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது என்பது இந்த அவைக்குத் தெரியும். 1994இல் காரணையில் பஞ்சமி நில மீட்புக்காக எழுந்த போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். கறுப்பின விவசாயிகள் இழந்த நிலத்தைப் பற்றிச் சொன்னபோது உங்களில் பலருக்கு நெஞ்சில் தட்டியது இதுவாகத்தான் இருக்கும்.

மரத்துக்கு வருவோம். 2006 வன உரிமைச் சட்டம் நம் நாட்டுப் பழங்குடிகளும் காட்டுவாழ் மக்களும் போராடிப் பெற்றது. சிறு வன விளைபொருள்களை மக்களுக்கு உரியதாக்கியது. மூங்கில் உண்டு, தேன் உண்டு, மெழுகு உண்டு. அறுத்தால் பலகையாகிற மரம் மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை.

2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர், செம்மரம் கடத்தலைத் தடுக்கும் சிறப்புப் படையால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பழங்குடியினர் உள்பட எல்லோரும் கூலிக்கு மரம் வெட்டப் போகிற ஏழைக் குடும்பத்தினர். வைரம் பாய்ந்த செம்மரத்தின் விலை துறைமுகம் தாண்டும்போது ஏறுகிறது. அந்த விலையில் பங்கு வைத்தவர்கள் யாரும் அன்று அந்தக் காட்டில் இல்லை. கோடரி பிடித்த கையை மட்டும் அறிந்த சட்டம், கணக்குப் புத்தகம் பிடித்த கையை அறியவில்லை. வாஷிங்டனின் நாட்குறிப்பில் நால்வரின் பெயராவது இருந்தது. இந்த இருபது பேரின் பெயரை நம்மில் எத்தனை பேர் சொல்ல முடியும்?

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். நல்ல கருவி உழைப்பவரை விடுவிக்குமா? ரம்பக் குழியிலிருந்து மில்லுக்கும், மில்லிலிருந்து செயின்சாவுக்கும் கருவி மாறியபோதெல்லாம் உடல் நோவு குறைந்தது. அதை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. குழியில் நின்றவருக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனால் கருவி மாறும்போது உடைமை தானாக மாறவில்லை. மரம் யார் பெயரில், நிலம் யார் பெயரில், விதி எழுதும் மேசையில் யார் உட்காருகிறார்கள் என்ற மூன்றும் மாறிய இடத்தில் மட்டுமே விடுதலை ஓரடி நகர்ந்திருக்கிறது. மலக்குழிக்கு இயந்திரம் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்பவர்களிடமும் நாம் இதையே கேட்க வேண்டும். இயந்திரம் கட்டாயம் வர வேண்டும். ஒருவர்கூட இனிக் குழியில் இறங்கக் கூடாது. வந்த இயந்திரம் யாருக்குச் சொந்தம், அதை இயக்குபவருக்கு என்ன ஊதியம், அவருடைய பிள்ளைக்கு வேறு வேலைக்கு வழி உண்டா என்ற கேள்விகள் அதற்குப் பிறகும் மீதமிருக்கும்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் மரவாடிக்கும் சாமில்லுக்கும் போங்கள். இயந்திரம் வருவதற்கு முன் இருவர் இழுக்கும் ரம்பத்தோடு ஊர் ஊராகப் போனவர்கள் இருந்தால், அவர்கள் உயிரோடு இருக்கும்போதே பேசிப் பதிவு செய்யுங்கள். எந்தச் சேரியிலிருந்து போனார்கள், யார் மேலே நின்றார், யார் கீழே நின்றார், கூலி எப்படிப் பிரிந்தது, முன்பணம் யார் கொடுத்தார் என்று கேட்டு எழுதுங்கள். அவர்கள் அறுத்த தேக்கும் வேங்கையும் எந்த வீடுகளுக்குப் போயின, அந்த வீடுகளின் படியை அவர்கள் மிதிக்க முடிந்ததா என்றும் கேளுங்கள். களப்பணியில் இருக்கும் தோழர்கள் தங்கள் வட்டத்துப் பஞ்சமி நிலங்களின் பழைய பதிவேடுகளைத் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியாகக் கேட்டு வாங்குங்கள். அந்த நிலத்தில் நிற்கும் மரங்களுக்கும் சேர்த்து வழக்குப் போடுங்கள்.

சரமாக்கா மக்கள் நீதிமன்றத்துக்குப் போகும்போது கையில் கொண்டுபோனது தாங்களே நடந்து அளந்து வரைந்த வரைபடம். நம்முடைய வரைபடத்தை நாம்தான் வரைய வேண்டும்.

ஜெய்பீம்.